கிராம் கணக்கர்

கேமரா வைத்திருக்கும் நான்கு பேர் கூடினால், அதில் ஒருவர் மட்டும் படத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். காலைப் பற்றித்தான் பேசுவார். கால் எத்தனை மடிப்பு, என்ன பருமன், மொத்தம் எத்தனை கிராம். அவர்தான் கிராம் கணக்கர். தற்போதைக்கு அவருடைய ஒரே லட்சியம், பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு கார்பன் ஃபைபர் ட்ரைபாட்.

அவரிடம் ஏற்கெனவே ஓர் அலுமினிய ட்ரைபாட் இருக்கிறது. ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறது. அதுதான் குறையே. உடைந்து தொலைந்தால் புதிது வாங்க ஒரு சாக்கு கிடைக்கும். அதுவோ உடைவேனா என்கிறது. ஆகவே பழி எடை மேல் விழுகிறது. "ரெண்டு கிலோ சார், தோள்பட்டையே போச்சு!" என்பார். கார்பன் என்றால் ஒன்றரைக் கிலோவுக்குள் முடிந்துவிடுமாம். அந்த அரைக் கிலோவுக்காக நடுராத்திரி வரை விலை ஒப்பிட்டுக் கண் சிவப்பார். ஊருக்குக் கிளம்பும்போது வீட்டம்மா பையில் திணிக்கும் புளியோதரை டப்பாவும் ஃபிளாஸ்க்கும் என்ன எடை என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

சரித்திரமும் அவருக்கு அத்துப்படி. 1994இல் கிட்ஸோ கம்பெனி கார்பன் ஃபைபர் ட்ரைபாடைக் கொண்டுவந்ததைச் சொந்தப் பாட்டனார் சாதனைபோல் சொல்வார். கிட்ஸோ இப்போது என்ன விலை என்று கேட்டால், "காபி சாப்பிடலாமா?" என்பார்.

கடைக்குப் போவது தனிக் கச்சேரி. தேங்காய் வாங்குகிறவர் மாதிரி காலைச் சுண்டிப் பார்ப்பார். பிறகு ஜோல்னாப் பையிலிருந்து கொக்கித் தராசு ஒன்றை எடுப்பார். சூட்கேஸ் தூக்கி எடை பார்ப்பார்களே, அது. கடைப் பையன் வாயடைத்து நிற்க, ட்ரைபாட் அந்தரத்தில் ஆடும்.

"பெட்டியில ஒண்ணு புள்ளி ஒண்ணுன்னு போட்டிருக்கு. இங்க ஒண்ணரை காட்டுதே தம்பி?"

"அது தலையில்லாம போட்ட எடை சார்."

தலை என்பது கேமராவைத் தாங்கும் பால்ஹெட். அது இல்லாமல் படம் எடுக்க முடியாது. எடை மட்டும் போடலாம்.

பெட்டியில் '20 கிலோ தாங்கும்' என்றும் இருக்கும். அதை எப்படி அளந்தார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நம்மவருடைய கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ தேறினால் அதிகம். இருந்தாலும், பக்கத்துப் பெட்டியைப் பார்த்து, "பதினஞ்சு கிலோதான் தாங்குமா?" என்று உதட்டைப் பிதுக்குவார்.

ஒருவழியாக வாங்கியும்விடுவார். மலிவு, சின்னதாக மடங்கும் என்று ஐந்து மடிப்புக் கால். கடைசி மடிப்பு சுண்டுவிரல் பருமன். அதை விரித்து, நடுத்தண்டையும் முழுக்க உயர்த்தினால், அடிக்கிற காற்றுக்குக் கேமரா தலையாட்டும். அதற்கும் வழி உண்டு: தண்டின் அடியில் ஒரு கொக்கி, பையை அதில் மாட்டினால் ஆட்டம் அடங்கும். எடை குறையப் பணம் கொடுத்தவர், இப்போது எடை ஏற்றப் புளியோதரை டப்பாவைத் தேடுகிறார்.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் விரிக்கப் போனால் காவலர் விசில் ஊதுவார்: "சார், ஸ்டாண்டு வைக்கக் கூடாது சார்!" தொல்லியல் துறையின் இடங்களில் ட்ரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும். சரி, பக்கத்துக் கடற்கரையிலாவது விரிக்கலாமே? "ஐயோ, திருகுப் பூட்டுக்குள்ள மணல் போயிடும்!" மலைக்குப் போகலாமா? "பாறையில மோதினா அலுமினியம் நசுங்கும், கார்பன் விரிசல் விடும் சார்." ஆக, அது வீட்டுக் கூடத்தில் பத்திரமாக நிற்கிறது. அதன் மேல் வீட்டம்மாவின் செல்போன்; வத்தக்குழம்பு வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. படம் துளி ஆடவில்லை.

கார்பன்மேல் குற்றம் சொல்லக் கூடாது. அதிர்வு சீக்கிரம் அடங்கும். வெயிலில் அலுமினியம் அளவுக்குக் கையைச் சுடாது. நடந்தே மலையேறுகிறவருக்கு அந்த அரைக் கிலோ பெரிய விஷயம்தான். வாங்குவதானால் மடிப்புக் குறைந்த, பருத்த காலாக, நடுத்தண்டை உயர்த்தாமலே கண் மட்டத்துக்கு வருவதாகப் பாருங்கள். பட்ஜெட் இடிக்கிறதா, அதே காசுக்கு நல்ல அலுமினியமே வாங்குங்கள். வித்தியாசம் படத்துக்குத் தெரியாது. தோளுக்குத் தெரியும், அது பழகிக்கொள்ளும்.