ஒருத்தி மூவரான சிக்கல்: பிவட் அட்டவணை குறித்துச் சிற்றாராய்ச்சி

ஒரு டேபிளில் ஒரே வரிசை இருமுறை வரலாகாது என்று எட்கர் காட் 1970இல் வகுத்தார். பின்னால் வந்த எஸ்கியூஎல் அந்த ஆசாரத்தைக் கைவிட்டது. அதனால் பிவட்டில் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் எல்லாரும் பழியை மொழியின் தலையில் போடுகிறார்கள். இவ்வாய்வு அதை மறுக்கிறது. நம்மை வதைக்கும் அந்த வரிசைகள் பெரும்பாலும் இரட்டைகளே அல்ல.

சான்றுக்கு ஒரு மார்க் டேபிள். 101, கயல்விழி, தமிழ், 88. 102, கயல்விழி, கணிதம், 88. 103, கயல்விழி, அறிவியல், 79. முதலில் நிற்பது பதிவு எண். ஆளுக்கொன்றான சேர்க்கை எண்ணும் டேபிளில் உண்டு, சுருக்கம் கருதி இங்கே காட்டவில்லை. பாடங்களைத் தலைப்பாகத் திருப்பினால் மூன்று மார்க்கும் ஒரே வரிசையில் வரவேண்டும். வருவதோ மூன்று கயல்விழிகள். ஒருத்தி தமிழ் மட்டும் எழுதியவள், ஒருத்தி கணிதம், ஒருத்தி அறிவியல். மற்ற கட்டமெல்லாம் நல், அதாவது வெற்று.

இங்கே டிஸ்டிங்க்ட் கட்சியினர் முந்திக்கொள்வர். தொகையில் மிகுந்தோர், தீர்ப்பில் விரைந்தோர். செலக்டுக்குப் பின்னே அச்சொல்லைச் செருகி ஓட்டுவார்கள். மூவரும் அசையாமல் நிற்பார்கள். நிற்கத்தானே செய்வார்கள், மூன்று வரிசையும் வெவ்வேறாயிற்றே!

எஸ்கியூஎல் சர்வரில் 2005இல் வந்த பிவட்டுக்கு யாம் செய்த சூத்திரம்: 'எஞ்சிய பத்தி எல்லாம் குழுவாம்.' இதன் உரை: பிவட்டுக்குள் நாம் குரூப் பை எழுதுவதில்லை. தலைப்பாகும் பத்தியும் கூட்டப்படும் பத்தியும் போக மீதி என்னென்ன உண்டோ அத்தனையையும் அதுவே குழுவாக்கிக்கொள்ளும். பதிவு எண் மீதியில் கிடந்தது. அது வரிசைக்கு வரிசை வேறு. ஆகவே மூல டேபிளை அப்படியே கொடுக்காமல், சேர்க்கை எண், பெயர், பாடம், மதிப்பெண் மட்டும் எடுக்கும் சப்கொயரியைக் கொடுக்க. பிவட் இல்லாத மைஎஸ்கியூஎல்காரர் பாடத்துக்கு ஒரு கேஸ், அதன்மேல் மேக்ஸ், கடைசியில் குரூப் பை என்று எழுதுவர். மேக்ஸ் நல்லைச் சட்டைசெய்யாது.

சேர்க்கை எண் எதற்கு என்பாரும் உளர். வகுப்பில் இரண்டு கயல்விழி இருந்தால், பெயரை மட்டும் நம்பிய மேக்ஸ் இருவரையும் ஒருத்தியாக்கி, பாடந்தோறும் கூடுதல் மார்க்கை அவளுக்கே சூட்டிவிடும். இதுபற்றிப் பெற்றோர் முறையிட்டதாகச் சான்று இல்லை.

மெய்யான இரட்டிப்பு ஜாயினில் பிறக்கிறது. நம் கயல்விழி கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டியிருந்து, மார்க்கைக் கட்டண டேபிளோடு இணைத்து சம் போட்டால், தமிழில் நூற்றுக்கு 176! சம்முக்குள் டிஸ்டிங்க்ட் வைத்து மொத்தம் போட்டாலோ 255 வரவேண்டிய இடத்தில் 167 வரும். தமிழும் கணிதமும் ஒரே 88 ஆனதால் ஒன்று தள்ளுபடி. தவணைகளை முதலில் ஆளுக்கொரு வரிசையாகக் கூட்டிவைத்துப் பிறகு இணைப்பதே நெறி.

இத்தனைக்கும் பிறகு ஒருத்தி இருவராகத் தெரிந்தால், பெயரோடு ஒட்டிய வெற்றிடத்தைத் தேடுக. வாலில் ஒட்டியதை எஸ்கியூஎல் சர்வர் ஒப்பிடும்போது பொருட்படுத்தாது. போஸ்ட்கிரஸின் டெக்ஸ்ட் பத்தி பொருட்படுத்தும். டிரிம் போட்டால் போய்விடும். 'கயல் விழி' என்று நடுவில் இடம்விட்டு அடித்திருந்தால் டிரிமுக்கு எட்டாது. அது இவ்வாராய்ச்சியின் எல்லைக்கும் அப்பாற்பட்டது. டேட்டா அடித்தவரிடம் கேட்க.