துப்பலில் எழுதின ஜாதகம்

என்ன மக்கா, துப்பலைக் குழாயில அடைச்சு கூரியர்ல அனுப்பினியாமே? ஜீன் ரிப்போர்ட்டும் வந்தாச்சாமே? கொள்ளாம்டே. எங்க காலத்துல ரோட்டுல துப்பினா ஏச்சு கிடைக்கும். இப்பம் துப்புகதுக்கு நீ பைசா குடுக்க.

என்ன எழுதியிருக்கான்? ஒனக்குத் தலைமைப் பண்பாம். சாகச புத்தியாம். எலேய், இதுக்கு லேப் எதுக்கு? கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு முன்னால நீ ரோடு தாண்டுகதைப் பாத்தா போராதா?

ஜீனை நான் குத்தம் சொல்லல, கேட்டியா. அது நல்ல சாட்சி. கண்டதைச் சொல்லும். சாட்சியைத் தூக்கி ஜட்ஜு நாற்காலியில இருத்துகே பாரு, அங்கதான் கோளாறு.

தலச்சேரி கேஸு தெரியுமா? பிள்ளைக்கு நான் அப்பன் இல்லன்னு ஒருத்தன் கோர்ட்டுல சாதிச்சான். ஐதராபாத்து சிசிஎம்பி விஞ்ஞானி லால்ஜி சிங் ரத்தத்தைச் சோதிச்சு, இவந்தான் அப்பன்னு சொல்லிப்போட்டாரு. டிஎன்ஏ சாட்சி நம்ம நாட்டுக் கோர்ட்டுல ஏறின கதை அங்கதான் தொடங்குது. 1991-ல கேரள ஐகோர்ட்டும் ஒத்துக்கிட்டுது. அப்பன் யாருன்னு ஜீன் சொல்லிச்சு, சரி. பிள்ளைக்குச் செலவுக்குக் குடுன்னு அதுவா சொல்லிச்சு? அது கோர்ட்டு சொன்னது.

நம்ம திருவிதாங்கூர் கதையையே எடு. 1729-ல ராமவர்மா ராஜா கண்ணை மூடினாரு. பெத்த மக்க தம்பிமாரு, சிங்காசனம் எங்களுக்குன்னு நின்னாவ. ஏறினது சகோதரி வழி மருமகன் மார்த்தாண்ட வர்மா. அன்னைக்கு இந்த டெஸ்டு இருந்தா? ஒய் குரோமோசோம் அப்பன்கிட்டேயிருந்து மகனுக்குத்தான் போகும். அது தம்பிமாருக்குச் சாட்சி சொல்லும். மைட்டோகாண்டிரியாவோ அம்மை வழியாத்தான் வரும். அது மருமகனுக்குச் சாட்சி சொல்லுமா? அதுவும் நிச்சயமில்ல. ஆற்றிங்கல் குடும்பத்துல கோலத்துநாட்டுலேருந்து தத்தெடுத்த வழக்கம் உண்டுமே! சிங்காசனத்தைக் குடுத்தது ரத்தமில்ல மக்கா. மருமக்கத்தாயம்னு மனுசன் வச்ச முறை.

நீ என்னடான்னா ஒய் குரோமோசோமைக் காட்டி வம்சப் பெருமை பேசுக. பத்துத் தலைமுறை மேல ஏறினா அந்தப் படியில ஒனக்கு 1024 பேரு. ஒய் சொல்லுகது அதுல ஒரே ஒரு ஆம்பளையப் பத்தி. மத்தவங்க எல்லாம் ஒனக்கு ஆரு? வழிப்போக்கனா?

நோய்க் காரியத்துல மட்டும் வெளையாடாத. வயநாட்டு ஆதிவாசிமாருக்கு வருகிற சிக்கிள் செல் நோய் இருக்கே, ரத்தத்துக்கான ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறினதால வருகது. அப்பன், அம்மை ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்தா நோய். ஒரு பக்கத்துலேருந்து மட்டும் வந்தா அனேகமா சொகமாத்தான் இருப்பான். அங்க டெஸ்டு எடுக்கதுல அர்த்தம் உண்டு.

இன்னொண்ணும் உண்டு. இருதயத் தசைக்கான ஒரு ஜீன்ல 25 எழுத்து விட்டுப்போன ஆளுக நம்ம நாட்டுல நூத்துக்கு நாலு பேருன்னு 2009-ல கண்டாவ. வயசாக ஆக இருதயம் தளரும் வாய்ப்பு அவங்களுக்குக் கூடுதல். வாய்ப்புன்னுதான் சொன்னேன், கேட்டியா? தேதி குறிச்சுத் தரல.

சர்க்கரைக்கு அப்படி ஒத்தை எழுத்து பெரும்பாலும் கிடையாது. நூத்துக்கணக்கான எழுத்து சேந்து ஆளைக் கொஞ்சங்கொஞ்சமாத் தள்ளும். மிச்சத்தை நீ சாயங்காலம் தின்னுக பழம்பொரி தள்ளும்.

இனி கொணத்துக்கு வருவோம். ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சு பொறந்த இரட்டைப் பிள்ளைகளைப் பாத்திருக்கியா? ஜீன் ஏறக்குறைய ஒண்ணேதான். கைரேகையே வேற வேற. பொறவு கொணம் எப்படிடே ஒண்ணா இருக்கும்?

குடும்பத்துல நோய் ஓடுதுன்னா டாக்டர்கிட்ட போ. அவரு சொன்னா டெஸ்டு எடு. ஒன் கொணம் தெரியணும்னா மட்டும் சாலைக் கம்போளத்துல நீ கடன் சொன்ன கடையில கேளு. ஓசியிலயே சொல்லுவான், ஒரு எழுத்து பெசகாது. நம்ம கடையிலயும் ஒரு பாக்கி கெடக்கு. ஓர்மை இருக்கா, இல்ல அதுக்கும் துப்பிப் பாக்கணுமா?