இழுத்தால் எத்தனை லிட்டர்?

கேள்வி: சிதம்பரத்தில் வீடு கட்டுகிறோம். கழிவறை ஃப்ளஷ் தொட்டி சின்னதாக இருந்தாலே போதும் என்கிறார் பிளம்பர். கடலூரிலிருந்து வந்த மாமாவோ, "பக்கத்திலேயே வீராணம் ஏரி இருக்க, தண்ணீருக்கு என்ன கஞ்சத்தனம்?" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, சிதம்பரம்

பதில்: பிளம்பர் பேச்சை. வீராணம் பக்கத்தில் இருக்கிறது, சரி. ஆனால் 2004 முதல் அந்தத் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கும் போகிறதே! அந்த ஏரிக்கு உங்கள் மாமாவைத் தவிரவும் நிறைய மருமக்கள்.

மழைநீரைச் சேமிக்க 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயச் சட்டம் வந்துவிட்டது. கூரையில் சேர்த்ததைக் கழிவறையில் கொட்டலாமா? அமெரிக்கா 1992-ல் சட்டமே போட்டு, ஒரு இழுப்புக்குச் சுமார் 6 லிட்டர் என்று கட்டிப்போட்டது. இங்கே இந்தியத் தர நிர்ணய அமைவனம் தண்ணீர் சிக்கனச் சாதனங்களுக்கென்று 2021-ல் தரநிலை வெளியிட்டிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நான்கு பேர், ஆளுக்கு ஐந்து தடவை. 10 லிட்டர் தொட்டிக்குப் பதில் 6 லிட்டர் வைத்தால் தினம் 80 லிட்டர் மிச்சம். மூன்று, ஆறு என்று இரட்டைப் பொத்தான் இருந்தால் இன்னும் கூடும். ஒன்று முக்கியம்: தொட்டிக்குப் பொருத்தமான பீங்கான் கோப்பையையும் சேர்த்தே வாங்குங்கள். பொருந்தாவிட்டால் இரண்டு முறை இழுப்பீர்கள், மாமா ஜெயித்துவிடுவார்.