சமவிகித இயல்: வகையும் வழுவும்

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், ஒரே விகிதம் பல வேடத்தில் வரும்போது அதை அடையாளம் காணுமாறு உணர்த்துதல் நுதலிற்று. கணக்கதிகாரம் செய்த காரிநாயனார் கணக்குகளை நிலவழி, பொன்வழி, நெல்வழி முதலாகப் பிரித்தார். நாம் ஆறாம் வகுப்பு நோட்டுகளை ஆராய்ந்து அட்டவணை வழி, வரைபட வழி என இரண்டாக்குகிறோம்.

களம் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள். பாகூர் வித்யாஸ்தானத்துக்கு நிருபதுங்கவர்ம பல்லவன் மூன்று ஊர்களைக் கொடுத்ததற்கு 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடே சான்று; கல்விக்குப் புதிய ஊரன்று. இங்கே மனை விற்பவர் சதுர அடியில் பேசுவார், உழுபவர் குழியில் பேசுவார், பத்திரம் ஆர் என்னும் பிரெஞ்சு அளவில் பேசும். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. 100 குழி ஒரு காணி. அது 57,600 சதுர அடி, ஏறத்தாழ 53.5 ஆர். நிலம் ஒன்றே எனக் காட்டுவது சமவிகிதத்தின் தொழில்.

அட்டவணை வழி மூவகைப்படும்.

ஊர்வன: சோழர் கல்வெட்டுகளில் 5 நெல்லுக்கு 2 அரிசி என்று வரும். அதை 5–2, 10–4, 15–6 என ஏற்றிப்போவது. பிழைபடாது, கலக்கணக்கு வருமுன் மணியடித்துவிடும்.

தாவுவன: 100 குழிக்கு 53.5 ஆர் என்றால் 10 குழிக்கு 5.35, 50 குழிக்கு 26.75 என்று பெருக்கியும் வகுத்தும் போவது. சோம்பேறிகளுக்கும் மேதைகளுக்கும் உரியது.

போலி: 5–2-இன் இருபுறமும் ஒன்றொன்றாகக் கூட்டி 6–3, 7–4 என எழுதுவது. பார்க்க மிக ஒழுங்கானது. விடாமல் எழுதினால் 105 நெல்லுக்கு 102 அரிசி வரும். உமியில்லாத அந்த ரகம் பாகூரில் இன்னும் விளையவில்லை.

வரைபட வழியும் மூவகை. பிரெஞ்சுக்காரர் 1954 நவம்பர் 1-இல் நிர்வாகத்தை ஒப்படைத்துப் போனார்கள். அவர்கள் ஆரும், தெகார்த் 1637-இல் வெளியிட்ட வடிவகணிதத்தின் வழிவந்த அச்சுகளும் நம்மிடம் தங்கிவிட்டன.

நேர்வன: புள்ளிகள் எல்லாம் ஆதிப்புள்ளி வழியே செல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்பவை. காணியும் ஆரும் இவ்வினம்.

நடிப்பன: நேர்கோடுதான், ஆனால் ஆதியைத் தொடாது. ஏறி உட்கார்ந்ததற்கே காசு கேட்கும் ஆட்டோ இவ்வினம். மேற்சொன்ன போலியும் இதுவே: அதன் கோட்டைக் கீழே நீட்டினால், 3 படி நெல்லைக் குத்தியும் ஒரு மணி அரிசி கிடைக்காது. அட்டவணையில் ஒளிந்தது இங்கே பிடிபடும்.

விடுபுள்ளிகள்: நடவு ஆளும் கூலியும். புள்ளி வைக்கலாம், கோடு இழுக்கலாகாது. அரை ஆள் வயலில் இறங்குவதில்லை.

வரைபட வழிக்குச் சூத்திரம்:

நேராய் நிற்பினும் ஆதி தொடாதது
சமவிகிதம் அன்றென்ப வரைபடம் வல்லோர்.

உரை: ஒரு குழியும் வாங்காதவர் பட்டாவில் ஓர் ஆரும் ஏறாது. ஏறியிருந்தால், விசாரிக்க வேண்டியவர் கணக்கு வாத்தியார் அல்லர்.