மறைக்காட்டு மாயத்திரை: அகலநீளம் குறித்தோர் ஆராய்ச்சி

மறைக்காடு எனும் வேதாரண்யத்துக்கு ஆய்வாளர்கள் வருவது மூன்றின் பொருட்டு: 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து அள்ளிய உப்பு, கோடியக்கரைப் பறவைகள், தேவாரம். கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கணினியைத் தேடி வந்தவர் எவருமிலர். அக்குறையை இக்கட்டுரை போக்கும். போக்காவிடினும் பக்கத்தை நிரப்பும்.

அந்த டி.டி.பி. கணினிக்குள் இன்னொரு கணினி ஓடுகிறது. எதற்கு? பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கருக்காக. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அடோபி அதை நிறுத்திக்கொண்டது. புதிய விண்டோஸில் அது முரண்டு பிடிக்கும். 1999 தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் எழுத்துருக்களில் அடித்துவைத்த பழைய கோப்புகளோ அதை விட்டால் வேறெங்கும் ஒழுங்காகத் திறக்கா. 2010இல் தமிழக அரசு ஒருங்குறிக்கு மாற ஆணையிட்டது. தாய்மாமன்களின் பெயர்வரிசை மாறவில்லை. ஆகவே, மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8இல் கைகழுவிய விண்டோஸ் எக்ஸ்பி, விர்ச்சுவல் பாக்ஸ் என்னும் பெட்டிக்குள் இன்னும் உயிர்வாழ்கிறது.

சிக்கல் இங்கேதான். உள்ளே குடிவைத்த எக்ஸ்பிக்கு வெளித்திரையின் அளவு தெரியாது. கண்விழித்ததும் 1987இல் ஐ.பி.எம். வகுத்த விஜிஏ அளவையே பிடித்துக்கொள்ளும்: 640க்கு 480 புள்ளி, 16 வண்ணம். இந்நிலையில் பத்திரிகையைத் திறந்தால் மணமகன் பெயர் தெரியும். படித்த பட்டம் தெரியாது. மணமகளைக் காண வலப்பக்கம் உருட்ட வேண்டும். பெண்வீட்டார் நாற்காலிக்குப் பின்னால் நின்று பிழை பார்க்கும் வேளையில் இது வெறும் தொழில்நுட்பச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை.

தீர்வு கூறுவோர் இரு சமயத்தார். இழுவைவாதிகள் ஸ்கேல்டு மோடில் போட்டுப் படத்தை வெளியிலிருந்தே பெரிதாக்குவர். உள்ளிருக்கும் புள்ளிகள் கூடா. ‘ழ’வின் வால் மட்டும் மங்கும். கூட்டல்வாதிகள் விர்ச்சுவல் பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸை எக்ஸ்பிக்குள் நிறுவுவர். அதிலுள்ள இயக்கி, சன்னலின் அளவு மாறுந்தோறும் எக்ஸ்பிக்குச் சேதி சொல்லும். எக்ஸ்பி தானே எழுந்து அந்த அளவுக்கு வரைந்துகொள்ளும். இச்சமயமே சரியென்பது இக்கட்டுரையாளர் துணிபு. வீடியோ நினைவகத்தை 128 எம்.பி.க்கு ஏற்றிவிட்டுத் திரை விரியுமெனக் காத்திருக்கும் மூன்றாமவரும் உளர். புள்ளிக்கு 4 பைட் வீதம் 1366க்கு 768 திரைக்கு ஏறக்குறைய 4 எம்.பி.யே செலவு. அவர்களை விட்டுவிடுவோம்.

அந்த 1366 தனி ஆய்வுக்குரியது. மடிக்கணினிகளில் பல்லாண்டு கோலோச்சிய இவ்வகலம் 8ஆல் வகுபடாது, 6 மிஞ்சும். திரைத்தரம் வகுக்கும் வெசா அமைப்பின் வாய்பாடோ அகலத்தை எட்டெட்டுப் புள்ளிக் கட்டுகளாகவே எண்ணும். 1366 கேட்டால் 1368 என்று நீட்டும். சில இயக்கிகள் கீழிறங்கி 1360 தரும். அப்போது இருமருங்கும் மும்மூன்று புள்ளிக்குக் கருங்கோடு விழும். அது பத்திரிகையின் பார்டரா என்று வினவிய வாடிக்கையாளருக்கு ஆமென்று சொல்வது தொழில் மரபு.

முழுத்திரைக்குச் சென்று மீள்வதே இறுதிச் சிக்கல். வேதங்கள் பூசித்து அடைத்த இவ்வூர்க் கோயில் கதவைத் திறக்க அப்பர் பதிகம் முழுக்கப் பாட வேண்டியிருந்தது. மூடச் சம்பந்தருக்கு முதற்பாட்டே போதுமாயிற்று என்பது வரலாறு. அப்பர் பாடித் திறக்கும்வரை ஊரார் வேறொரு வாயிலால் போய்வந்தார்களாம். இழுவைவாதிகளின் மூலம் இதுவாகலாம். முழுத்திரையும் அவ்வாறே: வலது கண்ட்ரோலோடு எஃப் தட்ட, ஒரே நொடியில் எக்ஸ்பி திரையை அடைத்துக்கொள்ளும். வெளிவரவும் அதே இரு விசைகள்தாம். ஆனால் கற்றுக்கொடுத்த பையன் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டபின், ஆல்ட்டும் எஸ்கேப்பும் எஃப்11உம் பத்துப்பாட்டுக்குக் குறையாமல் தட்டப்படுகின்றன. மின்வெட்டு வந்து திறந்துவிட்ட நேர்வுகளை இவ்வாய்வு கணக்கில் கொள்ளவில்லை.