வீட்டுக்கு மேலால் போன விமானம்

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு ஆகாயவழித் தூரம் ஏறக்குறைய 355 கிலோமீற்றர். கொழும்புக்குத் தரைவழியே போனால் அதைவிடக் கூடுதல், சுமார் 400. ஆனாலும் என் தலைமுறையில் சென்னைக்குப் போக நினைத்தவர்கள் முதலில் அந்த 400 கிலோமீற்றரைத் தெற்கே ஓடி முடிக்கவேண்டியிருந்தது.

முன்னர் இப்படி இருக்கவில்லை. 1947 டிசம்பர் 10இல் பறந்த எயார் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் மதராஸ் போனது. காங்கேசன்துறையை அடுத்த பலாலி விமானநிலையத்தில் ஏறி மதராசில் இறங்கியதை, பருத்தித்துறைக்குப் போய்வந்ததுபோல அப்பாவின் வயதுக்காரர் சொல்வார்கள்.

பிறகு யுத்தம். பலாலி இராணுவத்தளமாயிற்று. 1990இல் தெற்கே போகும் ஏ9 பாதை மூடப்பட்டது. கடற்படையின் சூட்டுக்குப் பயந்தபடி கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்து, வவுனியாவில் பாஸ் எடுத்துக் கொழும்பு போன காலம் அது. பாதை 2002இல் திறந்தது. 2006இல் மீண்டும் மூடியது. அன்று பயணத்தை மணிக்கணக்கில் சொல்ல எவராலும் முடியாது.

யுத்தம் முடிந்து பாதை திறந்தபின்னும் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இல்லை. அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காகச் சென்னை போனபோது இரவு பஸ்ஸில்தான் புறப்பட்டோம். கண்ணில் விடும் மருந்தை ஈரக் கைக்குட்டையில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தா. விடிந்து இறங்கும்போது இரண்டு கால்களும் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. பிறகு கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமானநிலையத்தில் காத்திருந்து விமானம் ஏறினோம்.

வரைபடத்தில் கட்டுநாயக்கவுக்கும் சென்னைக்கும் நேர்கோடு போட்டால், அது யாழ்ப்பாணத்துக்கு மேலால்தான் போகும். அதை அம்மாவிடம் சொன்னேன். யன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தா. கண்புரைக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும்.

“எங்கட வீட்டுக்கு மேலாலயோ போறம், தம்பி? அப்ப ஏன் இவ்வளவு தூரம் கீழ போய் ஏறினனாங்கள்?”

காரணம் எனக்குத் தெரியும். அதை அந்த இடத்தில் சொல்ல மனம் வரவில்லை.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. கொவிட் வந்து 2020 மார்ச்சில் நின்ற சேவை, 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. எழுபது பேரளவில் ஏறக்கூடிய, காற்றாடி வைத்த ஏரீஆர் விமானம். பயணம் ஒன்றேகால், ஒன்றரை மணிநேரம். அடுத்தமுறை கண்ணைக் காட்ட அம்மா அதில்தான் வந்தா. கால் வீங்கவில்லை. எத்தனை மணிநேரம் மிச்சம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. வீங்காத அந்தக் கால்களே எனக்குப் போதுமான கணக்கு.

சுற்றுப்பாதையின் முழுப்பாரத்தையும் சுமந்தவர்கள் நோயாளிகளும் முதியவர்களும்தான். ஆகவே இந்தச் சேவை இனி எக்காரணத்துக்காகவும் நிற்கக்கூடாது. கூடவே இன்னொன்றும் நடக்கவேண்டும். ஓடுபாதையைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மண்ணிலிருந்து 1990இல் எழுப்பப்பட்டவர்களில் சிலருக்குக் காணி திரும்பக் கிடைத்துவிட்டது; மற்றவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். ஒன்றரை மணிநேரத்தில் எங்களைச் சென்னையில் இறக்க முடிகிற நாட்டில், பக்கத்து ஊரில் இருப்பவர் தன் சொந்த வளவுக்குள் கால்வைக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆவதை எவரும் இயல்பென்று ஏற்கக்கூடாது.