துபாய் மகனும் சிங்கப்பூர் மகனும்

கே: மூத்தவன் துபாயில், இளையவன் சிங்கப்பூரில். மதுரைக்கு யார் வீடு கிட்டம்?
(வாசகி, சிம்மக்கல்)

ப: உங்களுக்கு ஓரவஞ்சனைப் பெயர் வராதம்மா. வான்வழியில் துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர், சிங்கப்பூர் சுமார் 3,010. வித்தியாசம் நம்மூருக்கும் திண்டுக்கல்லுக்கும் உள்ள தூரம்தான். இரண்டுக்குமே ஏறத்தாழ நாலு மணி நேரம்.

வம்பு பண்ணுவது கடிகாரம். காலை 10 மணிக்கு இரண்டு பக்கமும் விமானம் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். இறங்கும்போது அங்கே பகல் 12.30. மூத்த மருமகள் சுடச்சுடச் சோறு போடுவாள். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். இறங்கும்போது மாலை 4.30. காப்பிதான் கிடைக்கும். அதற்காகச் சின்னவளைக் குறை சொல்லாதீர்கள். அங்கே போகும்போது பறிகொடுத்த நேரம், திரும்பி வரும்போது வட்டியில்லாமல் கைக்கு வந்துவிடும்.

கே: மதுரைக்குச் சென்னை பக்கமா, கொழும்பு பக்கமா?
(வாசகர், திருமங்கலம்)

ப: பறவைக்குக் கொழும்பு: சுமார் 355 கிலோமீட்டர். சென்னை 420. மதுரையிலிருந்து 2012இல் முதல் வெளிநாட்டு விமானம் போனதும் கொழும்புக்குத்தான். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குச் சென்னையே பக்கம்.

கே: சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறான். நம்பலாமா?
(வாசகர், அண்ணா நகர்)

ப: அவன் கணக்கு விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை. உங்கள் கணக்கு வீட்டைப் பூட்டியதும் ஆரம்பம். பெருங்குடி விமான நிலையம் வரை ஆட்டோ, இரண்டு மணி நேரம் முன்னதாக ஆஜர், பெல்ட்டைக் கழற்றி மாட்டும் சோதனை, மீனம்பாக்கத்தில் பெட்டிக்குத் தவம், அப்புறம் கத்திப்பாரா நெரிசல். ஐந்து மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். 1977 முதல் ஓடும் வைகை எக்ஸ்பிரஸுக்குச் சுமார் ஏழரை. (சனி இல்லை, மணி.) அதில் ஜன்னலாவது திறக்கும்.

கே: திரையில் விமானம் வில்லாக வளைந்து போகிறதே, எண்ணெய் வீண்தானே?
(வாசகர், உசிலம்பட்டி)

ப: வளைவு படத்தில்தான். பிள்ளையின் பூகோள உருண்டையில் பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். வடதுருவப் பக்கமாக ஏறி இறங்கும். 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு அப்படித்தான் வந்தது. கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர், 17 மணி நேரம்.

கே: மதுரை–நியூயார்க் நேரடி விமானம் எப்போது?
(வாசகர், அவனியாபுரம்)

ப: நம் ஓடுபாதை 7,500 அடி. அவ்வளவு தூரத்துக்கு எண்ணெய் நிரப்பிய பெரிய விமானத்துக்கு இது பற்றாது. நீட்டலாம் என்றால் குறுக்கே ரிங் ரோடு. பக்கத்தில் வீடு, காடு, கரை பறிபோகும் என்று போராடிய சின்ன உடைப்பு கிராம மக்கள். நீங்கள் அவனியாபுரம், அந்தச் சனங்களிடம் முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.